ஒற்றை இடமும் ஓயாத குரலும்

ஆண்டு 1963. கேப் டவுன் நகரில், தென்னாப்பிரிக்கப் பாராளுமன்றத்திலே சட்டமொன்று வாக்கெடுப்புக்கு வருகிறது. எவரையும், வழக்குத் தொடராமல், வழக்கறிஞரைக் காணவும் விடாமல், 90 நாட்கள் சிறையிலே பூட்டிவைக்கக் காவல் துறைக்கு அதிகாரம் தருகின்ற சட்டம் அது. 90 நாள் முடிந்ததும் வெளியே விடுவதுபோல் விட்டு, மீண்டும் பிடித்து இன்னுமொரு 90 நாள் அடைக்கவும் அதிலே வழியுண்டு. ஆளுங்கட்சி ஆதரிக்கிறது, அதிலே வியப்பில்லை. எதிர்க்கட்சி என்று பெயர் பூண்டு எதிர்வரிசையிலே அமர்ந்திருந்த ஐக்கியக் கட்சியும் இரண்டாவது வாசிப்பில் அதனை ஆதரித்து வாக்களிக்கிறது! அவை முழுவதும் ஒருபுறம். மறுபுறத்திலே ஒரே ஓர் உறுப்பினர். அவர் ஒரு பெண்மணி. பெயர் ஹெலன் சுஸ்மன். அவர் சார்ந்த முற்போக்குக் கட்சிக்கு அந்த மாமன்றத்திலே இருந்த இடம் அந்த ஒன்றுதான்.

"ஓர் இடத்தை வைத்துக்கொண்டு என்ன செய்துவிட முடியும்?" என்று கேட்பது உலகெங்கும் உள்ள வழக்கம். சிறிய கட்சியைக் கண்டால் சிரிப்பு. தோற்ற கட்சியைக் கண்டால் கேலி. தொகை குறைந்தால் துச்சம்! அந்தக் கேள்விக்கு விடை காண விழைவோர், அந்த முற்போக்குக் கட்சியின் தேர்தல் வரலாற்றைப் படித்தல் நலம். அதிலே போற்றத்தக்கதும் உண்டு, கண்டிக்கத்தக்கதும் உண்டு. இரண்டையும் மறைக்காமல் காண்பதே பகுத்தறிவுக்குப் பொருத்தம்.

வாக்குச் சீட்டின் நிறம்

முதலில், அந்நாட்டுத் தேர்தல் எத்தகையது என்பதை அறிய வேண்டும். 1960-இல் தென்னாப்பிரிக்காவின் மக்கள் தொகை ஏறத்தாழ 1 கோடியே 60 லட்சம். அதிலே வெள்ளையர் 30 லட்சம் அளவினர். ஐந்தில் ஒரு பங்கினர்கூட அல்லர். ஆனால் ஆட்சியை அமைப்பதும் கவிழ்ப்பதும் அந்த ஐந்தில் ஒரு பங்கின் கையிலே!

ஒரே நாளிலே இந்த அநீதி அரங்கேறவில்லை. படிப்படியாகப் பறித்தார்கள். நேட்டால் பகுதியிலே இந்தியரின் வாக்குரிமைக்கு 1896-இலேயே சட்டம் போட்டுத் தாழிட்டனர். 1860-இல் சென்னைத் துறைமுகத்திலிருந்து 'ட்ரூரோ' கப்பலேறி, கரும்புத் தோட்டக் கூலிகளாக டர்பனில் கரையிறங்கிய தமிழரும் அவர்தம் பிள்ளைகளும் அந்தத் தாழிட்ட கதவுக்கு வெளியே நின்றவர்களே. கேப் மாகாணத்திலே கறுப்பருள் சிலருக்கு இருந்த பொது வாக்குரிமையை 1936-இல் நீக்கினர். ஈடாக, வெள்ளையரே வந்து அவர்களுக்காகப் பேச மூன்று இடங்களைக் கொடுத்தனர். 1960-இல் அந்த மூன்றையும் ஒழித்தனர். கலப்பினத்தாரைப் பொதுப் பட்டியலிலிருந்து நீக்குவதற்காக மேல் சபையையே ஊதிப் பெருக்கி, 1956-இல் காரியத்தை முடித்துக்கொண்டனர்.

இந்த அட்டூழியத்தைக் கொள்கையாகவே அறிவித்து 1948-இல் ஆட்சியைப் பிடித்தது தேசியக் கட்சி. பிடித்த விதமும் கவனிக்கத்தக்கது. அந்தத் தேர்தலில் கூடுதலான வாக்குகள் பெற்றது ஐக்கியக் கட்சி. கூடுதலான இடங்கள் பெற்றதோ தேசியக் கட்சி அணி! நாட்டுப்புறத் தொகுதிகளுக்குக் குறைந்த வாக்காளர், நகர்ப்புறத் தொகுதிகளுக்கு மிகுந்த வாக்காளர் என்று வகுத்திருந்த கணக்கின் விளைவு அது. தலைமையமைச்சராக வந்த மலான், முன்பு மத குருவாக இருந்தவர். டச்சுச் சீர்திருத்தத் திருச்சபையோ, இனங்கள் தனித்தனியே வாழ்வது ஆண்டவன் கட்டளை என்று வேதத்திலிருந்து ஆதாரம் காட்டியது. பிறப்பாலே உயர்வு தாழ்வு. அதற்குப் புனித நூலின் முத்திரை! முகத்திலே பிறந்தவன், பாதத்திலே பிறந்தவன் என்ற கதையைக் கேட்டு வளர்ந்த நமக்கு, இந்தக் குரல் புதிதாகவா ஒலிக்கிறது?

பிரிந்தவர்கள்

இத்தகைய ஆட்சியை எதிர்க்க வேண்டிய ஐக்கியக் கட்சி என்ன செய்தது? ஆளுங்கட்சி பத்தடி பாய்ந்தால், தான் ஐந்தடி பாய்ந்தது. "நிறபேதம் வேண்டும், ஆனால் இவ்வளவு கடுமை வேண்டாம்" என்பதே அதன் வாதம். வெள்ளை வாக்காளர் வெகுண்டுவிடுவாரோ என்ற அச்சமே அதன் அரசியலாயிற்று.

1959 ஆகஸ்டிலே புளூம்ஃபோன்டைன் நகரில் அக்கட்சியின் மாநாடு கூடிற்று. கறுப்பருக்கென 1936 சட்டப்படி வாக்களிக்கப்பட்டிருந்த நிலத்தைக்கூட மேற்கொண்டு வாங்கித் தரக்கூடாது என்று அங்கே தீர்மானம் நிறைவேறிற்று. உள்ளத்திலே நேர்மை மிச்சமிருந்த ஒரு டசன் அளவினரான பாராளுமன்ற உறுப்பினர்கள், இனியும் பொறுப்பதற்கில்லை என்று வெளியேறினர். அந்த ஆண்டு நவம்பரில் முற்போக்குக் கட்சி பிறந்தது. மருத்துவரான யான் ஸ்டைட்லர் தலைவர். காலின் எக்ளின், ஸாக் டி பீர், ரே ஸ்வார்ட், ஹாரி லாரன்ஸ் முதலியோர் உடன் நின்றனர். லிதுவேனியாவிலிருந்து குடியேறிய யூதப் பெற்றோரின் மகளாக 1917-இல் பிறந்து, விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழகத்தில் பொருளாதார வரலாறு கற்பித்து, 1953 முதல் ஜோகன்னஸ்பர்க்கின் ஹௌட்டன் தொகுதி உறுப்பினராக இருந்துவந்த ஹெலன் சுஸ்மனும் அவர்களிலே ஒருவர்.

1961: அடி விழுந்தது

கட்சி பிறந்து நான்கு திங்களில், 1960 மார்ச் 21-ஆம் நாள், ஷார்ப்வில்லிலே காவலர் சுட்டு 69 பேர் மாண்டனர். கறுப்பரின் இயக்கங்களுக்குத் தடை விழுந்தது. அக்டோபரில் குடியரசு பற்றிய பொது வாக்கெடுப்பு; வெள்ளையரிலே 52 விழுக்காட்டினர் ஆம் என்றனர். 1961 மே 31-இல் குடியரசு அறிவிக்கப்பட்டது. சூட்டோடு சூடாக, உரிய காலத்துக்கு ஈராண்டு முன்பாகவே தேர்தலைக் கொண்டுவந்தார் தலைமையமைச்சர் வெர்வோர்ட்.

1961 அக்டோபர் 18. முற்போக்குக் கட்சிக்கு ஏறத்தாழ 69 ஆயிரம் வாக்குகள் கிடைத்தன. கிடைத்த இடமோ ஒன்று! தலைவர் ஸ்டைட்லர் தோற்றார். எக்ளின் தோற்றார். டி பீர் தோற்றார். ஹௌட்டனில் ஹெலன் சுஸ்மன் மட்டும் 564 வாக்கு வித்தியாசத்தில் தப்பினார். 156 இடங்களில் தேசியக் கட்சிக்கு 105. ஐக்கியக் கட்சிக்கு 49.

தொகுதிக்கு ஒருவர், முதலில் வந்தவருக்கே இடம் என்ற முறையிலே, ஆங்காங்கே சிதறிக் கிடக்கும் ஆதரவு இடமாக உருப்பெறுவதில்லை. அந்த 69 ஆயிரத்தில் பெரும்பாலானவை, எண்ணப்பட்டும் பயன் தராத வாக்குகளாயின. கட்சி செத்தது என்று ஏடுகள் எழுதின, எதிரிகள் எக்களித்தனர்.

1966-இல் நிலை இன்னும் மோசம். கட்சியின் மொத்த வாக்கு 40 ஆயிரத்தை ஒட்டிச் சுருங்கிற்று. தேசியக் கட்சி 126 இடம் பிடித்தது. ஹௌட்டன் மீண்டும் சில நூறு வாக்குகளிலே பிழைத்தது. 1970-இலும் அதே ஒன்று. ஆயினும் அங்கு வித்தியாசம் இரண்டாயிரத்தைத் தாண்டிற்று. சீ பாயின்ட் தொகுதியிலே எக்ளின் சொற்ப வாக்குகளில் தோற்றார். மூன்று பொதுத் தேர்தல், மூன்று தோல்வி, பதின்மூன்று ஆண்டுத் தனிமை!

கேள்வி என்னும் கருவி

அந்தப் பதின்மூன்று ஆண்டுகளில் ஹெலன் சுஸ்மன் செய்தது என்ன?

சட்டமொன்றைக்கூட அவரால் தடுக்க முடியவில்லை. அதை மறைப்பதற்கில்லை. ஆனால் சட்டமன்ற முறையிலே, தனி உறுப்பினருக்கும் ஓர் உரிமை உண்டு: அமைச்சரைக் கேள்வி கேட்கலாம், அமைச்சர் விடை சொல்லியாக வேண்டும். அந்த உரிமையை அவர் உழவன் கலப்பையைப் பயன்படுத்துவது போல நாள்தோறும் பயன்படுத்தினார். அனுமதிச் சீட்டு இல்லாத குற்றத்துக்காகப் பிடிபட்ட கறுப்பர் எத்தனை பேர்? விசாரணையின்றி அடைபட்டோர் எத்தனை பேர்? தூக்கிலிடப்பட்டோர் எத்தனை பேர்? வெள்ளைக் குழந்தையின் கல்விக்கு எவ்வளவு, கறுப்புக் குழந்தையின் கல்விக்கு எவ்வளவு? அமைச்சர் வாயாலேயே கணக்கு வந்தது, அவைக் குறிப்பிலே அச்சேறிற்று, ஏடுகளில் வெளிவந்தது, உலக மன்றங்களுக்கும் எட்டிற்று. ஆட்சி மறைக்க விரும்பியதை ஆட்சியின் வாயாலேயே வரவழைத்தார்.

"வெளிநாடுகளில் நம்மைத் தலைகுனிய வைப்பதற்காகவே இப்படிக் கேட்கிறீர்கள்" என்று ஓர் அமைச்சர் சீறினார். தலைகுனிய வைப்பவை என் கேள்விகளல்ல, உங்கள் விடைகள்தாம் என்று திருப்பிக் கொடுத்தார் அம்மையார். இந்த விடை உலகப் புகழ் பெற்றது.

வசைக்குக் குறைவில்லை. பல ஆண்டுகள் அந்த அவையிலே அவர் ஒருவரே பெண். யூதர் என்று ஏளனம். பெண் என்று ஏளனம். 1966 செப்டம்பரில் வெர்வோர்ட் அவைக்குள்ளேயே அவைப் பணியாள் ஒருவனால் குத்திக் கொல்லப்பட்டபோது, அமைச்சராயிருந்த பி. டபிள்யூ. போத்தா அவரை நோக்கி விரல் நீட்டி, இதற்கெல்லாம் உங்களைப் போன்றவர்களே காரணம் என்று கூவினார். பின்னர் அதற்கு வருத்தம் தெரிவிக்க நேர்ந்தது.

1963-ஆம் ஆண்டுச் சட்டத்திலே இன்னுமொரு பிரிவு இருந்தது. தண்டனைக் காலம் முடிந்த கைதியையும் ஆண்டுக்கு ஆண்டு நீட்டித்து அடைத்துவைக்கலாம் என்பது அது. ராபர்ட் சொபுக்வே என்னும் ஆப்பிரிக்கத் தலைவரைக் குறிவைத்தே அது இயற்றப்பட்டது. தண்டனை முடிந்த பிறகு ஆறாண்டு அவர் ராபன் தீவிலே வைக்கப்பட்டார். ஆண்டுதோறும் அதனைப் புதுப்பிக்கும்போதெல்லாம் சுஸ்மன் எழுந்து எதிர்த்தார். 1967-இல் அத்தீவுச் சிறைக்கே சென்றார். நெல்சன் மண்டேலா முதலியோரைக் கண்டார். ஸ்வஸ்திகா சின்னத்தைக் கையிலே பச்சை குத்திக்கொண்ட காவலன் ஒருவன் கைதிகளை வதைத்துவந்த செய்தி அப்போது வெளிவந்தது. பின்னர் அவன் அங்கிருந்து மாற்றப்பட்டான். ஒற்றை உறுப்பினரால் ஆட்சியை மாற்ற முடியவில்லை. சிறைக்காவலனை மாற்ற முடிந்தது. சிறைக்குள் இருந்தோருக்கு அது சிறிய காரியமா?

வென்றதற்குத் தண்டனை

இக்கட்சியின் வரலாற்றில் அதிகம் பேசப்படாத பகுதி ஒன்றுண்டு. கலப்பினத்தாருக்குத் தனிப் பட்டியல் வகுத்து, பாராளுமன்றத்தில் நான்கு இடமும் கேப் மாகாண மன்றத்தில் இரண்டு இடமும் ஒதுக்கியிருந்தனர் அல்லவா? அந்த இடங்களுக்கு வெள்ளையரே நிற்கலாம் என்பது விதி. 1965-இல் அந்த மாகாண மன்ற இடங்கள் இரண்டையும் முற்போக்குக் கட்சி வென்றது. அடுத்துப் பாராளுமன்றத்தின் நான்கு இடங்களும் அதற்கே போகக்கூடும் என்பது வெளிப்படை.

ஆட்சி என்ன செய்தது? அந்தத் தேர்தலைத் தள்ளிப்போட்டது. 1968-இல் அந்த நான்கு இடங்களையே ஒழித்துவிட்டது! அதே ஆண்டிலே, வெவ்வேறு இனத்தார் ஒரே கட்சியில் உறுப்பினராதல் குற்றம் என்றும் சட்டம் செய்தது. எதிரி வென்றால் ஆட்டக் களத்தையே கலைத்துவிடுவது ஆதிக்கவாதிகளின் வழக்கம்.

அந்தச் சட்டம் இரண்டு கட்சிகளைச் சோதித்தது. எழுத்தாளர் ஆலன் பேட்டன் தலைமை தாங்கிய லிபரல் கட்சி, கறுப்புத் தோழர்களை வெளியேற்றிவிட்டு வாழ்வதைவிடக் கலைவதே மேல் என்று கலைந்தது. முற்போக்குக் கட்சி, கண்டனம் தெரிவித்துவிட்டு, வெள்ளையர் மட்டுமே கொண்ட கட்சியாகத் தொடர்ந்தது. எது சரி? கலைந்தது மானத்துக்கு உகந்தது. தொடர்ந்ததால், விசாரணையின்றி அடைபட்டோருக்காகக் கேள்வி கேட்க அவையிலே ஒருவர் எஞ்சினார். இரண்டு பக்கத்துக்கும் நியாயமுண்டு. ஆனால் தொடர்ந்தவர்கள் அதற்கு ஒரு விலை கொடுத்தார்கள் என்பதையும், அந்த விலையைத் தந்தவர்கள் உண்மையில் வெளியே நிறுத்தப்பட்ட கறுப்பர்களே என்பதையும் நாம் மறக்கலாகாது.

குறையும் கூறுவோம்

புகழுரையோடு நிறுத்தினால் அது வரலாறு ஆகாது, புராணமாகிவிடும். முற்போக்குக் கட்சியின் கொள்கையிலேயே ஒரு கோணல் இருந்தது. நிறம் பாராமல் வாக்குரிமை வேண்டும் என்றது. ஆனால் எல்லோருக்கும் என்று சொல்லவில்லை. இன்ன அளவு படிப்பு, இன்ன அளவு வருவாய் அல்லது சொத்து இருப்போருக்கே என்றது. 1920-இல் நம் சென்னை மாகாணத்திலே நடைபெற்ற முதல் தேர்தலில், சொத்துள்ள சிலருக்கே வாக்கு இருந்ததை நாம் அறிவோம். அந்த ஏற்பாட்டையே அரை நூற்றாண்டுக்குப் பிறகும் நீதியென்று கூறலாமா?

1953-இல் பாண்டுக் கல்விச் சட்டம் என்று ஒன்று இயற்றி, கறுப்புக் குழந்தைகளுக்குத் தாழ்ந்த கல்வியே போதும் என்று வகுத்துவிட்டது அரசு. நிலம் வாங்கவும் தடை. படிக்கவிடாமல் செய்துவிட்டு, படித்தவனுக்கே உரிமை என்பது என்ன நீதி? உடைமை சேர்க்கவிடாமல் தடுத்துவிட்டு, உடைமையுள்ளவனே குடிமகன் என்பது என்ன முறை? "தகுதி, திறமை" என்ற சொற்களை நம் நாட்டிலே யார், எப்போது, எதற்காக உச்சரிப்பார்கள் என்பதைக் கண்டவர்களுக்கு இந்தக் கோணல் உடனே விளங்கும். இந்தத் தவற்றைத் திருத்திக்கொண்டு, வயது வந்தோர் அனைவருக்கும் வாக்கு என்று அக்கட்சி ஏற்றது 1978-இலேதான். அதாவது, பிறந்து பத்தொன்பது ஆண்டு கழித்து!

கட்சிக்குப் பணம் தந்தவர்களில் முதன்மையானவர் ஹாரி ஓப்பன்ஹைமர், தங்கச் சுரங்கத்துக்கும் வைரச் சுரங்கத்துக்கும் அதிபதி. ஹௌட்டனோ செல்வர் வாழும் பகுதி. பிற்காலத்தில் நிறவெறி ஆட்சிமீது உலக நாடுகள் பொருளாதாரத் தடை விதிக்க வேண்டும் என்று விடுதலை இயக்கங்கள் கேட்டபோது, சுஸ்மன் அதனை எதிர்த்தார். ஏழைக் கறுப்பரே துன்புறுவர் என்பது அவர் வாதம். அடிபட்டோர் தாமே அந்தத் துன்பத்தை ஏற்க முன்வந்தபோது, வேண்டாம் என்று சொல்ல மற்றவர்க்கு உரிமை ஏது என்பது எதிர்வாதம். எதிர்வாதமே எனக்கு வலிவுடையதாகத் தோன்றுகிறது.

ஒன்று ஏழாயிற்று

1973-இல் டர்பனிலே தொழிலாளர் வேலைநிறுத்தம் அலையலையாக எழுந்தது. ஆப்பிரிக்கரோடு இந்தியத் தொழிலாளரும் வெளியே வந்தனர். பழைய ஏற்பாடு நிலைக்காது என்ற எண்ணம் வெள்ளை இளைஞரில் ஒரு சாராரிடமும் முளைத்தது. ஐக்கியக் கட்சியோ உட்பூசலால் உலைந்துகொண்டிருந்தது. 1974 ஏப்ரல் தேர்தலில் முற்போக்குக் கட்சி ஆறு இடங்களை வென்றது. தோற்றுத் தோற்றுப் பழகிய எக்ளின் சீ பாயின்ட்டில் வென்றார். சமூகவியல் பேராசிரியரான இளைஞர் வான் ஸைல் ஸ்லாபர்ட் ராண்டபோஷில் வென்றார். சில வாரங்களில் இடைத்தேர்தலொன்றில் அலெக்ஸ் போரெய்ன் வெல்ல, ஒன்று ஏழாயிற்று.

1975-இல் ஐக்கியக் கட்சியிலிருந்து பிரிந்தோர் வந்து சேர்ந்தனர். 1976-இல் சொவெட்டோவில் பள்ளிச் சிறார்மீது துப்பாக்கி பேசிற்று. 1977-இல் ஐக்கியக் கட்சி கலைந்தே போயிற்று. அந்த ஆண்டு நவம்பர் தேர்தலில், முற்போக்குக் கூட்டாட்சிக் கட்சி எனப் புதுப்பெயர் பூண்ட நம் கட்சி 17 இடம் பெற்று, அதிகாரபூர்வமான எதிர்க்கட்சியாக அமர்ந்தது.

ஐக்கியக் கட்சியின் கணக்கைச் சற்று நோக்குங்கள். 1948-இல் 65. 1953-இல் 57. 1958-இல் 53. 1961-இல் 49. 1966-இல் 39. பிறகு 47, 41. பிறகு கட்சியே இல்லை! கொள்கையைக் குறைத்துக்கொண்டால் வாக்குக் கூடும் என்று எண்ணிய கட்சி, கொள்கையையும் இழந்தது, வாக்கையும் இழந்தது. நிறவெறியை விரும்பியவன் அசலை விட்டுவிட்டு நகலுக்கு ஏன் வாக்களிப்பான்? நிறவெறியை வெறுத்தவனுக்கோ நகலும் கசந்தது. ஒற்றை இடத்தோடு கேலிக்கு ஆளான கட்சியே, கடைசியில் அந்த நாற்காலிகளிலே அமர்ந்தது.

எனினும் வளர்ச்சி நேர்க்கோடாக இருந்ததில்லை. 1981-இல் 26 ஆன இடங்கள், 1987-இல் 19 ஆயின. எதிர்க்கட்சித் தகுதி, தேசியக் கட்சியைவிட வெறிகொண்ட கன்சர்வேட்டிவ் கட்சிக்குப் போயிற்று. 1989-இல் மற்ற சிலரோடு இணைந்து ஜனநாயகக் கட்சியாகி 33 இடம் பெற்றது. அந்தத் தேர்தலுக்கு முன்பே, 36 ஆண்டுகள் அவையிலே வீற்றிருந்த சுஸ்மன் ஓய்வு பெற்றார்.

எல்லோரும் வாக்களித்த நாள்

1994 ஏப்ரல். அனைத்து இனத்தாரும் வரிசையில் நின்று வாக்களித்தனர். மண்டேலாவின் ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸ் 400-இல் 252 இடம் பெற்றது. வெள்ளை மன்றத்திலே விடுதலை பேசிய கட்சியின் வாரிசுக்குக் கிடைத்தது 2 விழுக்காட்டுக்கும் குறைவு, 7 இடம். வாக்கு விகிதப்படி இடம் என்ற புதிய முறை இருந்ததால் அந்த ஏழாவது கிடைத்தது.

இதை நன்றி கெட்ட செயல் என்று சிலர் அன்று புலம்பினர். புலம்பலுக்கு இடமே இல்லை. சிறையிலே கிடந்தவர், தூக்குமேடை ஏறியவர், வேலைநிறுத்தம் செய்தவர், சொவெட்டோவின் சாலையிலே விழுந்த சிறுவர்—இவர்கள் பெற்ற விடுதலை அது. மன்றத்திலிருந்து பேசியோர் அதற்குச் சாட்சிகள், உடையவர் அல்லர். சாட்சி சொன்னதற்குப் பரிசாக ஆட்சி கேட்பது முறையா?

பின்னர் 1999-இல் அக்கட்சி 38 இடம் பெற்று எதிர்க்கட்சியாயிற்று. பழைய தேசியக் கட்சியின் வாக்காளர் திரளாக வந்து சேர்ந்ததே அந்த வளர்ச்சிக்கு ஒரு பெருங்காரணம். 2000-இல் அந்தத் தேசியக் கட்சியின் எச்சத்தோடேயே சிறிது காலம் கைகோத்து ஜனநாயகக் கூட்டணி என்று பெயர் மாற்றிக்கொண்டது. 2024-இல் 87 இடம் பெற்று, பெரும்பான்மை இழந்த ஆப்பிரிக்க தேசிய காங்கிரசோடு ஆட்சியிலும் பங்கேற்றது. இடம் பெருகியது உண்மை. ஒற்றை இடம் இருந்த காலத்தில் உலகம் அதற்குத் தந்த மதிப்பு, இடத்தோடு சேர்ந்து பெருகிற்றா என்பதை அந்நாட்டு மக்களே சொல்ல வேண்டும்.

சுஸ்மன் 2009 ஜனவரி முதல் நாள் மறைந்தார். அவரைத் தேர்ந்தெடுத்த ஹௌட்டனிலே, ஒரு காலத்தில் கறுப்பர் வேலைக்காரராக மட்டுமே தங்க முடிந்த அதே ஹௌட்டனிலே, தம் சொந்த வீட்டில் 2013-இல் மண்டேலா கண்மூடினார். சட்டம் போட்டுப் பிரித்த மனிதரை ஒரே தெருவிலே குடியிருத்திவிட்டது காலம்.

தோழர்களே! தேர்தல் முடிவு வந்ததும் எண்ணிக்கையைப் பார்க்கிறோம்; பார்க்கத்தான் வேண்டும். எண்ணிக்கை இல்லாமல் சட்டம் இயற்ற முடியாது, ஆட்சி நடத்த முடியாது. ஆனால் 564 வாக்கு வித்தியாசத்திலே பிழைத்த ஓர் இடம், ஒரு நாட்டின் கொடுமையைப் பதின்மூன்று ஆண்டுகள் நாள் தவறாமல் பதிவு செய்தது. 49 இடம் வைத்திருந்த கட்சி, 90 நாள் சிறைச் சட்டத்துக்குக் கை தூக்கிற்று. நாளை நம்மிலே ஒருவர் ஊராட்சியிலோ, நகர மன்றத்திலோ, சட்டமன்றத்திலோ தனி ஒருவராய் அமர நேரலாம். அன்று அவர் கையிலே பெரும்பான்மை இராது. கேட்கக் கேள்வி இருக்கும். அதைக் கேட்காமல் வீடு திரும்பினால் மட்டுமே அவர் தோற்றவராவார்.